குரலா, முகமா? கடல் கடந்து பேசும் குடும்பங்களுக்கு ஒரு பாடம்

மட்டக்களப்பு நகரிலிருந்து வலையிறவுப் பாலத்தைத் தாண்டி மேற்கே சென்றால் வவுணதீவு. சூரியன் படும் கரையாதலால் இப்பக்கத்துக்குப் படுவான்கரை என்று பெயர். வயலும் மாடும் குளமும் நிறைந்த இப்பிரதேசத்தில், அந்தி சாய்ந்து விளக்கேற்றும் நேரம் எந்தத் தெருவால் நடந்தாலும் ஒரு காட்சியைக் காணலாம். முற்றத்தில் சிக்னல் கிடைக்கும் அந்த ஒரேயொரு இடத்தில், கைத்தொலைபேசியை முகத்துக்கு நேரே நீட்டிப் பிடித்தபடி ஒரு மூதாட்டி நிற்பார். பேரப்பிள்ளைகள் இருவர் அவருடைய சேலையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்ப்பர். திரையில் மகளின் முகம் தெரியும். சற்று நேரத்தில் அம்முகம் வாய் திறந்தபடியே உறைந்து நிற்கும். குரல் அறுந்து அறுந்து வரும். “கேக்குதா புள்ள? கேக்குதா?” என்று இவர் உரக்கக் கத்துவார். அங்கிருந்தும் அதே கேள்விதான் வரும்.

மூதாட்டியின் கையிலுள்ள கருவி அவருக்கு இரண்டு அடையாளங்களைக் காட்டுகின்றது. ஒன்று தொலைபேசியின் உருவம். மற்றது கமராவின் உருவம். அவர் கமராவையே அழுத்துகிறார். இரண்டும் ஒரே செலவுதானே, முகத்தையும் பார்த்துவிடலாமே என்பது அவருடைய எண்ணம். இவற்றில் எதை எப்போது தெரிவு செய்வது என்பது பெரியதொரு விடயமாகத் தோன்றாமலிருக்கலாம். ஆயினும், தாய் ஒரு நாட்டிலும் பிள்ளைகள் ஒரு நாட்டிலுமாக வாழும் வீட்டில், இடையிடையே கிடைக்கும் இருபது நிமிடப் பேச்சுத்தான் குடும்ப வாழ்வு. அந்த இருபது நிமிடத்தில் பத்து நிமிடம் “கேக்குதா” என்பதிலேயே கழியுமாயின், அதனைச் சிறிய இழப்பென்று எவர் சொல்வார்?

இக்கட்டுரையில் நாம் சொல்ல எடுத்துக்கொண்டது ஒன்றே. பேசும் இரு முனைகளில் வலிமை குறைந்த முனை எதுவோ, அதுவே குரலா முகமா என்பதைத் தீர்மானிக்க வேண்டும். வலிமை என்று நாம் கூறுவது சிக்னலை மட்டுமன்று. பணத்தையும் சுதந்திரத்தையும் சேர்த்தே கூறுகின்றோம். அஃது ஏன் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

கசற்றில் வந்த குரல்

வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985ஆம் ஆண்டு அமைக்கப்பட்டது. அக்காலத்தில் மத்திய கிழக்குக்குச் சென்றவர்களின் வீட்டாருக்குக் கடிதமே துணை. அதன்பின் ஒலிநாடாக் கடிதம் என்றொன்று வழக்கில் வந்தது. அறுபது நிமிடக் கசற் ஒன்றில், பக்கத்துக்கு முப்பது நிமிடமாகப் பேசிப் பதிந்து, ஊருக்கு வருபவர் கையிற் கொடுத்துவிடுவார்கள். அதைச் சுற்றி வீடே உட்கார்ந்து கேட்கும். அயல் வீட்டாரும் வந்து கேட்பர். அதில் முகம் இல்லை. பதில் கூறவும் வழியில்லை. இருந்தும் நாடா தேயும் வரை கேட்டார்கள். ஓரிடத்தில் அவள் சற்று மௌனமாவாள். அந்த மௌனம் எதற்கென்று தாய்க்குத் தெரிந்திருக்கும்.

பின்னர் தொலைத்தொடர்பு நிலையங்கள் வந்தன. யுத்த காலத்தில் படுவான்கரை மக்கள் வவுணதீவுச் சோதனைச் சாவடியைத் தாண்டித்தான் நகருக்குப் போகவேண்டியிருந்தது. 2007 வரை நிலைமை இதுவே. நகருக்குப் போய், பெயர் கொடுத்துக் காத்திருந்து, ஓடும் மீற்றரை ஒரு கண்ணாற் பார்த்துக்கொண்டு நாலு வார்த்தை பேசி வருவார்கள். இணையத்தின் வழியே பேசும் முறையை 2003இல் வெளிவந்த ஸ்கைப் பரவச் செய்தது. அது 2025 மே மாதத்துடன் மூடப்பட்டுவிட்டது. வட்ஸ்அப்பில் குரல் அழைப்பு 2015இலும் வீடியோ அழைப்பு 2016 நவம்பரிலும் வந்தன. ஆக, இப்போது பத்து வயதாகும் பிள்ளைக்கு, தூரத்திலுள்ள தாயின் முகத்தைத் திரையிற் பார்ப்பது பிறந்த நாள் முதல் பழகிய காரியம்.

முகம் பார்த்துப் பேசும் ஆசை இன்று நேற்றுத் தோன்றியதுமன்று. அமெரிக்காவின் ஏ.டி. அன்ட் டி. நிறுவனம் 1964ஆம் ஆண்டு நியூயோர்க் உலகக் கண்காட்சியில் ‘பிக்சர்ஃபோன்’ என்னும் படத் தொலைபேசியைக் காட்டியது. 1970இல் பிற்ஸ்பேர்க் நகரில் மாதம் 160 டொலருக்கு அச்சேவையை விற்கவும் முயன்றது. வாங்குவார் இல்லை. விலை ஒரு காரணம். மணி அடிக்கும் போதெல்லாம் தலைவாரி வந்து நிற்க எவருக்கும் மனமில்லாதது இன்னொரு காரணம் என்பர். அந்த இரண்டாவது காரணம் இன்றைக்கும் செத்துப்போகவில்லை.

உறையும் கடிதமும்

இணையத்தில் குரல் எவ்வாறு போகின்றது? தொலைபேசி நமது பேச்சை ஒரு செக்கனுக்கு ஐம்பது துண்டுகளாக வெட்டுகின்றது. ஒவ்வொரு துண்டும் சுருக்கப்பட்டு, விலாசம் எழுதிய உறையொன்றில் இடப்பட்டு அனுப்பப்படுகின்றது. துண்டு ஏறக்குறைய 60 பைட் என்று வைத்துக்கொள்வோம். உறை மட்டும் 40 பைட். கடிதத்துக்கு உறையே பாரமாயிருக்கும் தபால் இது! ஓர் உறையும் கடிதமுமாக 100 பைட். செக்கனுக்கு ஐம்பது போக, ஐம்பது வர, மொத்தம் 10,000 பைட். நிமிடத்துக்கு 6 இலட்சம் பைட், அதாவது 0.6 மெகாபைட். ஒரு மணித்தியாலம் பேசினாலும் 36 மெகாபைட்டுக்கு மேல் ஆகாது.

படத்துக்கு வருவோம். 640க்கு 480 என்ற அளவிலான சாதாரணப் படமொன்றில் 307,200 புள்ளிகள் உள்ளன. ஒரு புள்ளியின் நிறத்தைச் சொல்ல 3 பைட். செக்கனுக்கு 25 படங்கள் வேண்டும். கணக்குப் பார்த்தால் செக்கனுக்கு 2 கோடியே 30 இலட்சம் பைட் வருகின்றது. எந்தச் சிம்மும் இதைத் தாங்காது. ஆகவே கருவி ஒரு தந்திரம் செய்கின்றது. முழுப் படத்தை எப்போதாவது ஒருமுறை அனுப்பிவிட்டு, இடையில் ‘முன்பு அனுப்பியதில் இன்ன இடம் மட்டும் மாறியுள்ளது’ என்ற செய்தியையே அனுப்புகின்றது. இவ்வாறு முந்நூற்றைம்பது மடங்குக்கு மேல் சுருக்கியபின், ஒரு பக்கத்துக்குச் செக்கனுக்கு 5 இலட்சம் பிட் அளவில் வந்து நிற்கும். போக்கும் வரவும் சேர்த்தால் நிமிடத்துக்கு 7.5 மெகாபைட், மணித்தியாலத்துக்கு 450 மெகாபைட். குரலைப் போல் பன்னிரண்டு மடங்குக்கு மேல். ஆயிரம் மெகாபைட்டைக் கொண்டு குரலில் 27 மணித்தியாலம் பேசலாம். இந்தக் கணக்கில் வீடியோவில் இரண்டேகால் மணித்தியாலத்துக்குள் அது முடிந்துவிடும். சிக்னல் நன்றாக இருந்தால் செயலிகள் படத்தை இன்னும் தெளிவாக்கும். அப்போது இதைவிடவும் விரைவாகக் கரையும். ‘நல்ல சிக்னல், ஆனால் டேட்டா ஏன் இப்படிப் போகிறது’ என்று திகைப்பவர்களுக்கு விடை இதுதான்.

படம் ஏன் உறைகின்றது என்பதற்கும் விடை மேலே கூறிய தந்திரத்திலேயே உண்டு. குரல் துண்டுகளில் ஒன்று வழியில் தவறினால், முன்னும் பின்னுமுள்ள துண்டுகளைக் கொண்டு கருவி அந்த இடைவெளியை நிரப்பிவிடும். ஒரு செக்கனில் ஐம்பதில் ஒரு பங்கு போனதை நமது காது கவனியாது. படத்தில் அப்படியன்று. ஒவ்வொன்றும் முந்தியதன்மேல் கட்டப்பட்டிருப்பதால், அடியில் ஒரு கல் பெயர்ந்தால் மேலே அடுக்கியதெல்லாம் கோணும். அடுத்த முழுப் படம் வந்து சேரும்வரை முகம் சதுரஞ் சதுரமாகச் சிதறி நிற்கும்.

இதிலிருந்து இன்னொன்றும் விளங்கும். நமது மூதாட்டி நிற்பது தென்னோலை அசையும் முற்றத்தில். அசையும் ஒவ்வோர் ஓலையும் கருவிக்கு ‘மாறிய இடம்’. மகள் பார்க்க விரும்புவது தாயின் முகத்தை. ஆனால் டேட்டாவிற் பெரும் பங்கைத் தின்பவை ஓலைகள். வெள்ளைச் சுவர் ஒன்றின் முன்னால், வெளிச்சம் முகத்தில் விழும்படி அசையாமல் உட்கார்ந்தால், அதே சிக்னலில் படம் எவ்வளவோ தெளியும். நடந்து நடந்து காட்டுவது, மாட்டுப் பட்டியைச் சுற்றிக் காட்டுவது எல்லாம் மெலிந்த சிக்னலுக்கு ஆகாத காரியங்கள்.

ரவருக்குக் கேட்கும், நமக்குக் கேட்கும், ஆனால்...

“அவள் முகம் எனக்குத் தெளிவாய்த் தெரியுது. என் முகம் அங்கே தெரியேல்லையாம்.” இப்படிச் சொல்வதை நாம் பலமுறை கேட்டிருப்போம். இதில் மர்மம் ஏதுமில்லை. ரவர் பத்துக்கணக்கான வாட் வலுவுடன் நம்மை நோக்கிப் பேசுகின்றது. நமது கையிலுள்ள சிறு கருவி 4ஜி வலையமைப்பில் மிகக் கூடியதாக 0.2 வாட் வலுவுடன்தான் பதில் கூறுகின்றது. பெரிய ஒலிபெருக்கியில் பேசுபவருக்கு வயலின் அந்தலையிலிருந்து வெறும் தொண்டையால் பதில் சொல்வது போன்றது அது. வவுணதீவுச் சந்தியிலோ வாவிக்கரையிலோ உள்ள வீட்டுக்கு இந்தக் குறை தெரியாமற் போகலாம். பாவற்கொடிச்சேனை, உன்னிச்சைப் பக்கம் ரவருக்குத் தூரமாயுள்ள வீட்டுக்கு அது நன்கு தெரியும். அங்கே முதலில் தோற்பது நாம் அனுப்பும் படமேயன்றி நமக்கு வரும் படமன்று.

ஆதலால், உரையாடல் அறுபடத் தொடங்கியதும் அழைப்பைத் துண்டித்து மறுபடி மறுபடி எடுப்பதைவிட, நமது கமராவை மட்டும் நிறுத்திவிடுவது நல்லது. அழைப்பு நடந்துகொண்டிருக்கும் போதே திரையிலுள்ள கமரா அடையாளத்தை ஒருமுறை தொட்டால் போதும். மகளின் முகம் நமக்குத் தெரிந்துகொண்டிருக்கும். நமது குரல் அவளுக்குத் தடையின்றிப் போகும். அதுவும் போதாவிட்டால் அவளையும் நிறுத்தச் சொல்லலாம். வட்ஸ்அப்பின் அமைப்புப் பகுதியில், அழைப்புகளுக்குக் குறைந்த டேட்டாவைப் பயன்படுத்தும்படி கட்டளையிடும் ஒரு வசதியும் இருக்கின்றது. வீட்டில் ஒரு சிறுவனைப் பிடித்து அதைப் போட்டுத் தரச் சொல்லுங்கள். ஒரு நிமிட வேலை.

தாமதத்தைப் பற்றியும் ஒரு சொல். ஒரு முனையிற் பேசியது மறு முனைக்குச் செல்ல 150 மில்லிசெக்கனுக்கு மேல் எடுத்தால் உரையாடல் இடறத் தொடங்கும் என்பது சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் வகுத்த அளவு. அதைத் தாண்டினால் இருவரும் ஒரே நேரத்திற் பேசுவர். பின் இருவரும் ஒரே நேரத்தில் நிறுத்துவர். இதைக் கோபமென்றும் அக்கறையின்மை என்றும் தவறாக எண்ணிக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு. மருமகன் இடைமறித்துப் பேசுகிறான் என்று மாமியார் குறைப்படுவார். உண்மையில் இடைமறித்தது தூரமும் நெரிசலுமே.

மழலைக்கு முகம், மனத்துக்குக் குரல்

இதுவரை சிக்னலையும் செலவையும் பார்த்தோம். டேட்டா எவ்வளவும் உண்டு, சிக்னலும் நன்று என்று வைத்துக்கொள்வோம். அப்போது வீடியோதான் எந்நேரமும் சிறந்ததா?

சிறு குழந்தைக்கு ஆம். மூன்று வயதுப் பிள்ளையிடம் தொலைபேசியைக் காதில் வைத்து, “அம்மா கேக்கிறா, சாப்பிட்டயா?” என்றால், பிள்ளை தலையை ஆட்டும். தலையாட்டல் கம்பி வழியாகவோ காற்று வழியாகவோ போகாது என்பது அதற்கு விளங்காது. புதுச் சட்டையைக் காதிலிருக்கும் தொலைபேசிக்கு நேரே தூக்கிக் காட்டும். இவ்வயதினருக்குக் குரல் மட்டும் போதாது. 2014இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர் 24 முதல் 30 மாதம் வரையான குழந்தைகளுக்குப் புதுச் சொற்களைக் கற்பித்துப் பார்த்தனர். நேரிற் கற்பித்தபோதும், வீடியோ அழைப்பில் உடனுக்குடன் பதிலளித்துக் கற்பித்தபோதும் குழந்தைகள் கற்றன. அதையே முன்கூட்டிப் பதிவுசெய்து காட்டியபோது கற்கவில்லை. குழந்தை சிரித்ததும் அங்கே அம்மாவும் சிரிக்கிறாளே, அந்தப் பதிலிலேயே விடயம் இருக்கின்றது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2016இல் வெளியிட்ட வழிகாட்டலில், 18 மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குத் திரையே வேண்டாமென்று கூறிவிட்டு, வீடியோ உரையாடலுக்கு மாத்திரம் விலக்களித்தது.

வளர்ந்தவர் நிலை வேறு. யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் கிராவுஸ் என்பவர் ஐந்து பரிசோதனைகளை நடத்தி 2017இல் முடிவுகளை வெளியிட்டார். மற்றொருவரின் உள்ளத்து உணர்ச்சியை, முகத்தைப் பார்த்தும் குரலைக் கேட்டும் கணித்தவர்களைவிடக் குரலை மட்டும் கேட்டவர்களே சரியாகக் கணித்தனர் என்பது அவர் கண்டது. முதலில் இது நம்பக் கடினமாயிருக்கும். சற்று நினைத்துப் பாருங்கள். முகத்தை நாம் ஆயத்தம் செய்ய முடியும். அழைப்பு வருமுன் முகம் கழுவி, பொட்டு வைத்து, சிரிப்பை வரவழைத்துக்கொண்டு திரை முன் வருகிறாள் அந்தப் பெண். தாய் பார்க்கிறாள், “புள்ள நல்லா இருக்கா” என்று ஆறுதலடைகிறாள். அன்றியும் திரையின் மூலையில் தன் முகமும் தெரிவதால், பேசுபவளின் கவனத்திற் பாதி தன் முகத்திலேயே நிற்கும். குரலுக்கு இப்படிப் பொட்டு வைக்க முடியாது. “ஓம் அம்மா, சுகமா இருக்கன்” என்ற அந்த ‘ஓம்’ எப்படி விழுந்தது என்பதைக் கசற் காலத்துத் தாய்மார் அறிந்திருந்தார்கள்.

எனவே ஒரு பிள்ளையின் பிறந்தநாளுக்கு வீடியோ. “சம்பளம் தந்தார்களா, அடித்தார்களா, காய்ச்சல் மாறினதா” என்று கேட்பதற்குக் குரல். இருட்டில் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். மட்டக்களப்பு வாவியில் மீன் பாடுகிறதென்பார்களே, நிலா இரவில் தோணியை நிறுத்தித் துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறு முனையைக் காதில் வைத்துத்தான் அதைக் கேட்பார்கள். பாடுகின்றதைப் பார்த்தவர் எவருமில்லை, கேட்டவர் பலர்.

மாற்றான் வீட்டில் திரும்பும் கமரா

இனிச் சுதந்திரத்தில் வலிமை குறைந்த முனையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இக்கட்டுரையை எழுதத் தூண்டியதே இவ்விடயம்தான்.

வீட்டுப் பணிப்பெண்ணாகச் சென்றவள் இருப்பது தன் வீட்டில் அன்று, எசமானின் வீட்டில். அவள் கமராவைத் திறந்தால் அவள் மட்டுமன்றி அந்த வீடும் தெரியும். பின்னால் ஒரு பிள்ளை ஓடும்; ஒரு பெண் முக்காடின்றிக் கடந்து போவாள். அந்நாடுகளில் இது வெறும் மரியாதைப் பிரச்சினையாக நின்றுவிடாது. சவூதி அரேபியாவின் 2007ஆம் ஆண்டுச் சட்டம், கமராத் தொலைபேசியைத் தவறாகப் பயன்படுத்திப் பிறர் தனிமையில் தலையிடுவதைக் குற்றமாக்குகின்றது. ஐக்கிய அரபு இராச்சியத்தின் 2021ஆம் ஆண்டு இணையக் குற்றச் சட்டமும், அனுமதியின்றிப் பிறரைப் படம் பிடிப்பதைத் தண்டிக்கின்றது. தன் தாய்க்கு முகத்தைக் காட்டத்தான் திறந்தேன் என்று ஒரு பெண் விளக்கம் சொல்ல வேண்டிய நிலைக்கு அவளை நாம் தள்ளலாமா? தொலைபேசியைப் பறித்துக்கொள்ள ஒரு காரணம் தேடும் எசமானுக்கு நாமே அக்காரணத்தைக் கொடுத்ததாகும்.

ஊரிலிருக்கும் கணவன்மாருக்கு இங்கே ஒன்று கூறியாக வேண்டும். “எங்க நிக்கிறாய்? கமராவைத் திருப்பு, சுத்திக் காட்டு” என்று கேட்கும் வழக்கம் பரவி வருகின்றது. ஆசையினாற் கேட்பது ஒன்று. சந்தேகத்தினாற் கேட்பது வேறொன்று. கேட்பவருக்கு வித்தியாசம் தெரியாவிட்டாலும் கேட்கப்படுபவளுக்குத் தெரியும். பதினாறு மணித்தியாலம் வேலை செய்தவளிடம் தன் அறையின் நான்கு சுவரையும் சாட்சியாகக் காட்டச் சொல்வது பேச்சன்று, விசாரணை. அவள் குரல் அழைப்பை எடுத்தால் “ஏன் வீடியோவில் வரேல்லை” என்று கேட்காதிருப்பதே அவளுக்குச் செய்யும் பெரிய உதவி. வீட்டில் எல்லாரும் படுத்தபின், சமையலறை மூலையில் போர்வைக்குள் மெல்லப் பேசுகிறாளோ என்னவோ.

ஆகையால் அழைக்குமுன் ஒரு குறுஞ்செய்தி எழுதுங்கள்: ‘பேசலாமா? முகம் பார்க்கலாமா?’ என்று. பதிலை அவள் தெரிவு செய்யட்டும்.

அந்தந்த நாட்டின் விதிகளையும் கவனிக்க வேண்டும். சவூதி அரேபியா இணைய அழைப்புகளின் மீதான தடையை 2017 செப்டெம்பரில் நீக்கியது. ஐக்கிய அரபு இராச்சியத்திலோ வட்ஸ்அப்பில் எழுத்து போகும்; அழைப்பு பல்லாண்டாகத் தடைப்பட்டே வந்தது. அங்கே அனுமதி பெற்ற போட்டிம் போன்ற செயலிகளையே பயன்படுத்துவர். டுபாயிலுள்ள மகள் அழைப்பை எடுக்கவில்லையென்று வருந்துமுன் இதை நினைவிற் கொள்க.

முகமே வேண்டிய இடங்கள்

குரலையே உயர்த்திப் பேசியதால் வீடியோவை வெறுக்கிறோம் என்று எண்ண வேண்டாம். வாய்பேசாத, காதுகேளாதவர்களுக்கு இக்கருவி செய்த நன்மையை வேறெதுவும் செய்யவில்லை. நூறாண்டுக்கு மேலாகத் தொலைபேசி அவர்களுக்கு ஒரு மௌனப் பெட்டி. சைகை மொழியில் தூரத்திலிருந்து உரையாட வழி செய்தது வீடியோ அழைப்பு. அத்தகைய பிள்ளையுள்ள வீட்டில் டேட்டாவைச் சேமிப்பதென்றால் வேறெதிலாவது சேமியுங்கள். வேறொன்று, மரண வீடு. விடுமுறை கிடையாமல், பயணச்சீட்டுக்குப் பணமின்றித் தகப்பனின் அடக்கத்துக்கு வர முடியாத மகளுக்கு, பெட்டி மூடுமுன் அந்த முகத்தை ஒருமுறை காட்டுவதற்கு எந்தக் குரலும் ஈடாகாது. அந்நேரத்தில் தொலைபேசியைப் பிடிப்பவர் கையை அசைக்காமல், நிதானமாக, தலைமாட்டில் நின்று காட்டட்டும். அழுகை ஒலியில் செய்தி எதுவும் கேட்காது. அதனால் யார் யார் வந்தார்கள், என்ன நடந்தது என்பதைப் பிறகு குரலில் ஆறுதலாகச் சொல்லலாம்.

இடையில் வயற்காரருக்கு ஒரு குறிப்பு. நெற்பயிரின் இலையில் நோய் விழுந்தால், விவசாயப் போதனாசிரியருக்கு வீடியோ அழைப்பு எடுத்து அசையும் இலையைக் காட்டுவதைவிட, தெளிவான நிழற்படம் இரண்டை அனுப்பிவிட்டுக் குரலிற் பேசுவது மேல். நிற்கும் படத்தில் புள்ளி தெரியும். ஓடும் படத்தில் பச்சை நிறந்தான் தெரியும். விவசாயத் திணைக்களம் 1920 என்ற இலக்கத்தில் குரல் வழியே ஆலோசனை சொல்கின்றது.

எல்லாம் நின்றுபோன நாட்களில்

1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியைக் கண்டவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கின்றார்கள். கம்பங்கள் சாய்ந்து, தெருக்கள் மரங்களால் அடைபட்டு, ஒருவர் செய்தி ஒருவருக்குத் தெரியாமல் கிடந்த நாட்கள் அவை. 2011 ஜனவரி வெள்ளத்தில் படுவான்கரை ஊர்கள் பல நீரால் சூழப்பட்டன. இப்படிப்பட்ட நேரத்தில் மின்சாரம் போய்விடும். தொலைபேசியில் மிஞ்சியிருக்கும் பற்றரியே பொக்கிஷம். திரையின் வெளிச்சமும் கமராவும் படத்தைச் சுருக்கும் வேலையும் சேர்ந்து பற்றரியை உறிஞ்சிவிடும். வெள்ளத்தைப் பார் என்று வெளிநாட்டுக்கு வீடியோவிற் காட்டிக்கொண்டு நிற்பவரின் தொலைபேசி, இரவு தோணி தேவைப்படும் போது செத்துக் கிடக்கும். ‘எல்லாரும் சுகம், பாடசாலையில் இருக்கிறோம்’ என்று ஒரு குறுஞ்செய்தி போதும்.

இன்னொரு நாளையும் மட்டக்களப்பார் மறக்க மாட்டார்கள். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொழும்பிலும் நீர்கொழும்பிலும் நமது நகரின் சீயோன் தேவாலயத்திலும் குண்டுகள் வெடித்த அன்றே, வட்ஸ்அப், வைபர், பேஸ்புக் முதலியவற்றை அரசு தடைசெய்தது. ஏப்ரல் 30 வரை அத்தடை நீடித்தது. பிள்ளைகளை விட்டுச் சென்ற தாய்மார் உலகெங்கும் அந்தச் சின்ன அடையாளத்தை அழுத்தி அழுத்திப் பார்த்திருப்பார்கள். சாதாரணத் தொலைபேசி அழைப்பு அத்தடைக்குள் அடங்கவில்லை. ஆனால் வட்ஸ்அப்பில் முகத்தைத் தொட்டே பழகியவர்களில் எத்தனை பேருக்கு வீட்டின் இலக்கம் மனப்பாடம்? 2018 மார்ச்சிலும் 2022 ஏப்ரலிலும் இதேபோன்ற தடைகள் இங்கு வந்துபோயின.

ஆகவே குரல், முகம் என்ற இரண்டுக்கும் அடியில் மூன்றாவதாக ஒன்றை எப்போதும் வைத்திருக்க வேண்டும். இணையம் தேவைப்படாத பழைய அழைப்பு அது. விலை கூடியதுதான், வருடத்தில் ஒருநாள் வேண்டியிருக்கும். அதற்காகச் சிம்மில் ஒரு சிறு தொகை கிடக்கட்டும்.

இன்று மாலையே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. பிள்ளையின் அப்பியாசக் கொப்பியை எடுத்து, பின்னட்டையின் உட்புறத்தில் தாயின் இலக்கத்தை நாட்டுக் குறியீட்டுடன் முழுமையாக எழுதுங்கள். சவூதி அரேபியாவுக்கு 966, குவைத்துக்கு 965, கட்டாருக்கு 974, ஐக்கிய அரபு இராச்சியத்துக்கு 971. அவளுக்கும் வீட்டு இலக்கத்தை 94 இல் தொடங்கி, முன்னாலுள்ள பூச்சியத்தை நீக்கிச் சொல்லிக்கொடுங்கள். அயல் வீட்டார் ஒருவருடைய இலக்கத்தையும் சேர்த்து. நேர வித்தியாசத்தையும் பக்கத்தில் குறித்துவிடலாம். ரியாத்திலும் குவைத்திலும் மாலை 6 மணியென்றால் இங்கே இரவு 8.30, டுபாயில் 6 என்றால் இங்கே 7.30. மழலைப் பிள்ளையுள்ள வீட்டில், அது உறங்குமுன் முகம் பார்க்கும் நேரம் எது என்பதை அதை வைத்துத்தான் கணக்கிட வேண்டும்.